லயத்தில் நான்கு கதிரைகள்

ஹட்டனில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். அரசாங்கத்தின் புத்தி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது எங்கள் மெஷினுக்கு முதலில் தெரிந்துவிடும். வரியைக் குறைத்த காலத்தில் கடைக்கார முதலாளிமார் சிரித்த முகத்தோடு வந்து பத்திரங்களைப் பிரதி எடுத்துப் போனார்கள். கஜானா காலியான பிறகு நிவாரண விண்ணப்பத்தோடு தேயிலைத் தோட்டத்துச் சனம் வரிசையில் நின்றது. நாட்டின் கடனைக் குறைக்க வேண்டுமாம். அதற்குச் செலவைக் குறைக்க வேண்டுமாம். அதற்காக உண்மையான ஏழை யார் என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டுமாம். வரியைக் குறைத்தபோது உண்மையான பணக்காரர் யார் என்று எந்த வீட்டுக்கும் யாரும் போய்ப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. முன்பு ஆஸ்பத்திரியிலேயே இன்ஹேலர் கொடுத்தார்கள். இப்போது இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். என் சம்பளம் அரிசிக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடுகிறது. நிவாரணப் பணம் வந்தால் மாதாமாதம் இன்ஹேலர் வாங்கலாம். வராவிட்டால் அம்மா இருக்கிற மருந்தை மிச்சம்பிடித்து, ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

நாங்கள் இருப்பது பொகவந்தலாவைப் பக்கம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுள்ள தோட்டத்து லயத்தில். ஆறு வீட்டுக்கும் பொதுவாக, வந்தவர் உட்கார நான்கு பிளாஸ்டிக் கதிரைகளும் ஒரு பூப்போட்ட மேசைத் துணியும் ஒரு கண்ணாடிக் கிளாஸ் செட்டும் உண்டு. எல்லோரும் காசு போட்டு வாங்கியவை. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், டீச்சர் வந்தாலும், அவை அந்த வீட்டுக்குப் போகும். வந்தவர் போனதும் வரிசையின் முதல் வீடான தலைவீட்டுக்குத் திரும்பிவிடும்.

நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க உத்தியோகத்தர் வந்த அன்று நான் கடையில் இருந்தேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் ஒரு வீட்டின் முன்வாசலால் வெளியே வருவதற்குள், கதிரைகள் பின்வாசலால் அடுத்த வீட்டுக்குள் போயிருக்கின்றன. மேசைத் துணியும் கிளாஸும் கூடவே ஓடியிருக்கின்றன. பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"ஆறு வீட்டுலயும் நல்லா உக்கார வச்சு, டீ குடுத்து அனுப்பிட்டோம்" என்றாள்.

"கதிரை யாரோடதுன்னு கேட்டாராம்மா?"

"கேட்டாரு. எங்களோடதுன்னுதான் சொன்னேன். பின்ன, இரவல்னா சொல்லச் சொல்ற?"

அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தைத் தினமும் பிரதி எடுக்கிறவள் நான். கதிரைக்கு ஒரு கட்டம் இருப்பதும், கட்டங்களில் ‘உண்டு’ கூடக்கூட நிவாரணம் எட்டிப்போகும் என்பதும் எனக்குத் தெரியும். நிவாரணப் பட்டியல் வந்தபோது ஆறு வீட்டில் ஒரு பெயர்கூட இல்லை.

மேன்முறையீடு எழுதினேன். அதே உத்தியோகத்தர் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. அன்று லீவு போட்டுவிட்டு வீட்டைத் துடைத்தெடுத்தேன். கதிரைகள் தலைவீட்டை விட்டு அசையக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டீவியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் போர்வை போட்டு மூடினேன். அம்மாவை நல்ல சேலையை அவிழ்த்துப் பழையதைக் கட்டச் சொன்னேன்.

"நீ ஒண்ணும் பேசாத. நல்லா இருமு, அது போதும்" என்றேன். அதைச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

உத்தியோகத்தர் வந்தார். உட்கார இடமில்லாமல் பைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கதிரை?"

"இல்லீங்க சார்" என்றேன் நான்.

"தெரியும். போனமுறை ஆறு வீட்டிலயும் நான் ஒரே கதிரையிலதான் இருந்தனான். கைப்பிடி வெடிச்ச கதிரை."

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா சார்?" என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு உயர்ந்தது.

"அம்மாட்டக் கேட்டனான், பிள்ளை. தங்கடது எண்டு சொன்னவா. நான் வேற என்னத்தை எழுதுறது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்குவது சேலைக்கு மேலேயே தெரிந்தது.

"டீவி?"

"வித்துட்டோம்."

அவர் சுவரைப் பார்த்தார். புகை படிந்த சுவரில் டீவி இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. அவர் பேனாவைத் திறக்கவில்லை. அத்தனையும் போச்சு என்று நினைத்தேன்.

"விக்கலீங்க" என்றாள் அம்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தாள். "பக்கத்து வீட்டுல இருக்கு. நீங்க போனதும் இவ தூக்கிட்டு வந்துருவா. டீவி எங்களோடது. கதிரை எங்களோடது இல்லீங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சாரு நின்னுக்கிட்டே இருக்காரு. போயி கதிரையக் கொண்டா."

போகாமல் நின்றேன். இன்னொரு முறை சொன்னாள். போய்க் கொண்டுவந்தேன், கைப்பிடி வெடித்த அதே கதிரை. உத்தியோகத்தர் அதில் உட்கார்ந்து எழுதினார். டீவி, உண்டு. அடுத்த கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, கதிரை இல்லை என்று எழுதினார்.

அவர் லயத்துப் படியிறங்கும் வரை அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் தலை மறைந்த பிறகுதான் இருமினாள். ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். வாயில் வைத்து அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். புதிய பட்டியல் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது.