சாவி இடுப்பில் இருந்தது

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூரில் நான் வனக்காவலராக இருந்தேன். வாடகை வீடுகளில் சந்தனக்கட்டை பதுக்குகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதால், எல்லா வாடகை வீடுகளையும் சோதிக்கச் சொன்னார் ரேஞ்சர். கோர்ட் உத்தரவெல்லாம் கிடையாது. அதை யாரும் கேட்டதும் இல்லை.

வாத்தியார் ஒருவர் குடியிருந்த வீடு பூட்டியிருந்தது. வீட்டுக்கார அம்மாவைக் கொல்லையிலிருந்து வரவழைத்தேன். இடுப்பில் சாவி தொங்கியது. திறக்கச் சொன்னேன்.

"வாத்தியார் வரட்டுங்க."

"வீடு உன்னோடதுதானே?"

"என்னுதுதாங்க. ஆனா வாடகைக்கு வுட்டுட்டேன். அவரு இல்லாதப்ப நானே உள்ள போவ மாட்டேன். உங்கள எப்பிடி வுடறது?"

கேஸ் போடுவேன் என்று மிரட்டினேன். "போடுங்க" என்றார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் பூட்டை உடைத்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் நகராமல் என்னோடு நனைந்தார்.

சாயங்கால பஸ்ஸில் வந்த வாத்தியார் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே கட்டை எதுவும் இல்லை. அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "நீங்களும் வாங்கம்மா" என்று வாத்தியார் சொன்ன பிறகுதான் தன் வீட்டுக்குள் கால் வைத்தார்.

அதற்குப் பிறகு ஆள் இல்லாத எந்த வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. அதற்காக மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.