விளக்கு வைப்பதற்குள்

எழுபதுகளின் நடுவில், பொங்கல் கழிந்த அடுத்த வாரம் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே மூன்று மைலில் எங்கள் ஊர். அந்தப் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. அதுவரை கழனி வேலை பார்த்த நான், இரும்புக் கம்பி செய்யும் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் ஆளாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு ஒரே பெண். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, நடந்து போகிற தூரத்தில் இருந்த உயர்நிலைப் பள்ளி. அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். இன்னொன்று, ரயிலில் தெற்கே இரண்டு ஸ்டேஷன் தள்ளி, டவுனில் இருந்த அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. நான் ஐந்தாவதோடு நின்றவன். எது நல்ல பள்ளி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊர் வாத்தியாரைக் கேட்டேன். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவரைக் கேட்டேன். சைக்கிள் கடைக்காரரைக்கூடக் கேட்டேன். நான் சுபாவத்திலேயே கூச்சப்படுகிறவன். அப்படியும் எப்படியோ ஒரு மாதமாக விசாரித்துவிட்டேன்.

கடைசியில் என் மச்சான் வந்து உட்கார்ந்தார். என் மனைவிக்கு அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்து ஆளாக்கியவர். அவர் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் தட்டுவதில்லை.

"பொட்டப் புள்ளய பசங்ககூட உக்கார வெச்சிப் படிக்க வெக்கிறதா? அந்தப் பேச்சே வேணாம் மாப்ள" என்று முதல் பள்ளியை முடித்தார்.

"அப்ப டவுன்ல பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலு..." என்று இழுத்தேன்.

"ரயில்ல போயி ரயில்ல வரணுமே. சரி, ஒண்ணு பண்ணு. சாயங்காலம் விளக்கு வெக்கிறதுக்குள்ள அவ ஊட்டுல இருந்தாள்னா படிக்கட்டும். வெயில் காலத்துல யாரு வேணா வந்துடுவாங்க. பொழுது சுருங்கிக் கெடக்குதே, இப்ப வந்து காட்டு. முடியலன்னா எட்டாவதோட நிறுத்திடு."

முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். என் பெண் என்னையே பார்த்தாள். என் மனைவி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை. அண்ணன் பேச்சுதான் அவள் பேச்சு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

"நாளன்னிக்கு லீவு போடறேன் மச்சான். போயிட்டு வந்து காட்டறோம்" என்றேன். அவ்வளவு பெரிய பேச்சு என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நாளும் வந்தது. காலையில் போனது சுலபமாக இருந்தது. நடந்தோம், ரயில் ஏறினோம், டவுனில் இறங்கினோம். பள்ளியைத் தூரத்தில் நின்று பார்த்தோம். உள்ளே போய்க் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கட்டிக்கொண்டு வந்த சோற்றைக் குளத்தங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பள்ளி விடும் நேரத்துக்குச் சரியாகப் புறப்பட்டால்தானே அது சோதனை? அதனால் மூன்று மணியிலிருந்தே கேட்டுக்கு எதிரே ஒரு புங்க மரத்தடியில் நின்றோம். தாகமாக இருக்கிறது என்று என் பெண் தெருக்கோடி அடிபம்புக்குப் போனாள். நான் மட்டும் தனியாக நின்றேன்.

கேட்டில் இருந்த ஆயா விடுவிடென்று தெருவைத் தாண்டி வந்தார்.

"இன்னாய்யா, மூணு மணியிலருந்து பாக்கறேன், கேட்டையே பாத்துக்கினு நிக்கிற?"

"பொண்ணுக்காக..." என்றேன்.

"எந்தப் பொண்ணு? எந்தக் கிளாசு?"

"இந்த ஸ்கூலு இல்லம்மா."

அதைவிட மோசமான பதிலை யாராலும் சொல்லியிருக்க முடியாது. "இந்த ஸ்கூலுப் பொண்ணு இல்லியா? அப்புறம் இங்க யாரப் பாக்க வந்த?" என்று அவர் குரலை உயர்த்தவும், பள்ளி மணி அடிக்கவும் சரியாக இருந்தது. திமுதிமுவென்று பெண்கள் வெளியே வந்தார்கள். என்னைச் சுற்றி ஒரு வட்டமே கூடிவிட்டது. ஓடினால் திருடன், நின்றால் போக்கிரி.

"நைனா!" என்று என் பெண் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். என்னால் சொல்ல முடியாததை அவள் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். மாமா என்ன சொன்னார், எந்த ஊரிலிருந்து எதற்கு வந்தோம், விளக்கு வைப்பதற்குள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும்.

கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பத்தாவது படிக்கிற உயரமான பெண் ஒருத்தி முன்னால் வந்து என் மகளின் கையைப் பிடித்தாள். "உனக்கு இன்னிக்கே பரீட்சையா? வா, நாங்களும் அந்த ரயில்தான். எங்க ஊரும் ஏரிக்கு அந்தாண்டதான், உங்க ஊருக்குப் பக்கம்."

ஆயா இப்போது அவர்களைத் திட்டினார். "இன்னும் இன்னாடி வேடிக்க? இஸ்துக்கினு ஓடுங்க, வண்டி வந்துடப் போவுது!"

ஸ்டேஷனுக்கு ஓடினோம். பெண்கள் எல்லாம் என் மகளோடு லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டார்கள், நான் அடுத்த பெட்டியில். ரயில் நேரத்துக்குக் கிளம்பியது. ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நிறைய வெயில் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னால், சிக்னலுக்கு வெளியே, ரயில் நின்றது. எக்ஸ்பிரஸ் ஒன்று போக வேண்டும் என்று பெட்டியில் இருந்தவர்கள் சாவகாசமாகச் சொன்னார்கள். ஒருவர் பீடி பற்றவைத்தார். இன்னொருவர் தூங்கவே ஆரம்பித்தார். நான் மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. வெயில் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகிக்கொண்டிருந்தது.

அப்போது பெட்டியின் பக்கப் பலகையை யாரோ கையால் படபடவென்று அடித்தார்கள். எட்டிப் பார்த்தேன். கீழே ஜல்லியில் அந்த உயரமான பெண், பக்கத்தில் என் மகள், இன்னும் இரண்டு பேர்.

"எறங்குங்க நைனா! இது இப்போதிக்குக் கிளம்பாது. ஸ்டேஷன் போயி ரோட்டுல சுத்திக்கினு போனா இருட்டிடும். ஏரிக்கரை மேல போனா ஒரு மைலு மிச்சம்!"

அந்தப் பெண்ணும் என்னை நைனா என்றே கூப்பிட்டாள். நான் குதித்தேன். அவர்கள் புத்தகப் பைகளை ரயிலில் இருந்த தோழிகளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். "பை ரயில்ல வரட்டும், நாம ஓடலாம்" என்று சிரித்தார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்வது! அறுத்த கழனிகளில் தாளடி காலைக் குத்தியது. வரப்பு, வாய்க்கால், மறுபடி வரப்பு. முன்னால் நாலு பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பறந்தார்கள். அவர்களில் யார் என் மகள் என்று பின்னாலிருந்து பார்த்து எனக்கே சட்டென்று சொல்ல முடியவில்லை. அன்றைக்குத்தான் சந்தித்தவர்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறுகிற கலங்கலில் முழங்கால் அளவு வழிந்துகொண்டிருந்தது. கீழே பாசி. பெண்கள் கைகோத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நான் தயங்கி நின்றேன்.

"இன்னா நைனா, கம்பெனியில டன் கணக்குல இரும்பு தூக்கறவராம், தண்ணியப் பாத்து நிக்கிறீங்க?" என்றாள் உயரமான பெண். என் மகள் ரயிலில் என்னைப் பற்றி நன்றாகத்தான் அளந்திருக்கிறாள். ஒரு கையை அவள் பிடிக்க, இன்னொரு கையை என் பெண் பிடிக்க, நான் தாண்டினேன்.

அக்கரை ஏறியதும் அவர்கள் ஊர் திரும்பும் இடம் வந்தது. உயரமான பெண் நின்று, மூச்சு வாங்க என் மகளிடம் சொன்னாள்: "இனிமே நேரா ஓடு, திரும்பிப் பாக்காத. ஜெயிச்சியா தோத்தியான்னு ஜூன் மாசம் ஸ்கூல் கேட்டாண்ட வந்து சொல்லு. நான் நிப்பேன்."

ஜெயித்தால்தானே ஜூன் மாதம் அங்கே வந்து சொல்ல முடியும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கடைசி ஒரு மைல் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சூரியன் இறங்கிவிட்டது. என் மகள் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருந்தாள். ஊர் எல்லையில் திரும்பினதும் தெரு முழுவதும் தெரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் விளக்கு. முதல் வீடு, இரண்டாம் வீடு, மாரியம்மன் கோவில், எல்லா இடத்திலும்.

என் கால் நின்றுவிட்டது. "போனா போவட்டும்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் மகள் நிற்கவில்லை. "நைனா, நம்ம ஊட்டப் பாரு!" என்றாள்.

தெருக்கோடியில் எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது.

வீட்டில் யாரும் இல்லையோ, ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து ஓடினேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் மச்சான் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். "ஊரே விளக்கு வெச்சாச்சி, ஊட்ட இருட்டாப் போட்டு வெச்சிருக்கியே, ஏத்துடி!"

என் மனைவி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துடைத்து எண்ணெய் ஊற்றிய விளக்கு. கைக்குள் தீப்பெட்டி.

"ஊரு விளக்கப் பத்தியாண்ணா பேச்சு? நம்ம ஊட்டு விளக்கப் பத்திதானே? இன்னும் வெக்கலியே" என்றாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். தீப்பெட்டியை மகளிடம் நீட்டினாள். "போயி கால் கழுவிக்கினு வந்து நீயே ஏத்து."

மகள் விளக்கை ஏற்றினாள். அவசரத்தில் மூன்று குச்சி வீணானது. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் உங்கிட்ட தோக்கல மாப்ள. என் தங்கச்சிகிட்ட தோத்துட்டேன்" என்றார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் நாலு வீடு தள்ளிப் போன பிறகு அவர் சிரித்த சத்தம் எங்கள் வாசல் வரை கேட்டது. சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை. ஜூன் மாதம் ஒன்பதாவதில் சேர்க்க அவரும் கூட வந்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம், "நீ உங்க அண்ணன் பக்கம்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீ என்னக் கேட்டியா?" என்றாள்.

வாத்தியாரைக் கேட்டேன், டிக்கெட் கொடுப்பவரைக் கேட்டேன், சைக்கிள் கடைக்காரரைக் கேட்டேன். பெற்றவளைக் கேட்கவில்லை. மகளின் படிப்பு எட்டாவதோடு நின்றுவிடுமோ என்று அவளும் ஒரு மாதமாகத் தூங்காமல் இருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

நான் அதிகம் பேசாதவன். பேசாதவன் மனதுக்குள் எவ்வளவு பேச்சு ஓடும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த நானே அவள் பேசாமல் இருந்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இப்போதெல்லாம், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், எதற்கும் வாய் திறக்காமல் ஓரமாக இருப்பவரிடம்தான் நான் முதலில் போய்க் கேட்கிறேன்.