கிணற்றிலிருந்து வாய்க்காலுக்கு

கல்லூரியில் படித்தபோது நீச்சலில் சில பரிசுகள் வாங்கியிருக்கிறேன். கல்யாணமாகிக் கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தபின் குளியலறை அண்டாவைத் தவிர வேறு தண்ணீரைத் தொட்டதில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று பாடம் நடத்தியதில், எழுபதுகளின் நடுவில், முப்பத்துநாலு வயதிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. பொள்ளாச்சி டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்குப் பிடிக்காது. எங்கள் தென்னந்தோப்பில் படி வைத்துக் கட்டிய பெரிய கிணறு இருந்தது. வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையும், தையல்காரரிடம் தைத்து வாங்கிய முழங்கால் வரைக்குமான டிரவுசரும் போட்டுக்கொண்டு ஒரு விடியற்காலையில் அதில் இறங்கினேன்.

நாலு சுற்றில் மூச்சு முட்டிவிட்டது. படிக்கல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது என் உடம்பின் மேல் எனக்கே இளப்பமாக இருந்தது. மறுநாளும் இறங்கினேன். ஒரு மாதத்தில் இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது.

வீட்டுக்காரரின் தம்பியும் எங்களோடு அதே வீட்டில் இருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. கிணற்றின் மேல்படியில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிற ஆள். அவர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"ஏனுங்க அண்ணி, ஊட்டுப் பொம்பளைக கெணத்துல இப்பிடிக் கெடந்தா ஊருல என்ன பேசுவாங்க?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க. காதுல தண்ணி."

வீட்டுக்காரர் நாளிதழுக்குப் பின்னாலிருந்து, "அவன் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குது" என்றார். அவருக்கு யார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கும். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் இருப்பார்.

பேச்சில் மசியவில்லை என்றதும் கொழுந்தனார் வேறு வழி பார்த்தார். அதுவரை வெயில் ஏறினால்தான் எழுந்திருப்பவர், கருக்கலிலேயே தோப்புக்குப் போய்ப் பம்புசெட்டைப் போட ஆரம்பித்தார். நான் போகும்போது கிணற்றில் தண்ணீர் இடுப்பளவுகூட இருக்காது. தென்னைக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். "கோடை வருதுங்களே அண்ணி" என்றார். அப்போது மார்கழி.

அந்தச் சமயத்தில் ஆழியார் அணையிலிருந்து தண்ணீர் விட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் கிணற்றை விட்டுவிட்டு வாய்க்காலுக்குப் போனேன்.

கிணற்றில் வட்டமாகவே சுற்றிப் பழகியதால் வாய்க்காலில் முதலில் இடது கரையில் போய்த்தான் முட்டினேன். பத்து நாளில் நேராக நீந்த வந்தது. ஓட்டத்தை எதிர்த்துக் கை ஓயும் வரைக்கும் நீந்தினாலும் கரையில் நிற்கும் புளியமரத்தைத் தாண்ட முடியாது. உடம்புக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒருநாள் அந்த மரத்தைத் தாண்டினேன். அன்றைக்குத்தான் நீச்சல் போட்டிக்குப் போகலாம் என்று தோன்றியது.

வாய்க்கால் ஊர்ப்பொது இடம். அதுவரை வீட்டு வாசலில் பல் விளக்கிய ஆண்களுக்கெல்லாம் திடீரென்று வாய்க்கால் கரை தேவைப்பட்டது. ஒரு வேப்பங்குச்சியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விளக்கினார்கள். அந்த ஊர் ஆண்களின் பற்கள் அந்த மாதங்களில் இருந்ததுபோல் எப்போதும் சுத்தமாக இருந்திருக்காது. நான் கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொருவர் முகத்தையும் நேராகப் பார்த்தபடி நடப்பேன். ஒருத்தருக்கும் நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் இருந்ததில்லை.

கொழுந்தனார் ஆடிப்போய்விட்டார். "அண்ணி, நம்ம கெணத்துலயே நீந்துங்க. இனிமே மோட்டாரு போடமாட்டனுங்க" என்றார்.

"வேண்டாங்க. தென்னை காஞ்சுரும்" என்றேன்.

ஜில்லாப் போட்டி பாலக்காட்டில் ஒரு குளத்தில் நடந்தது. வாழைமரத் துண்டுகளைக் கோர்த்துக் கயிறு கட்டித் தடம் பிரித்திருந்தார்கள். கயிறுகள் பாம்புபோல் நெளிந்து கிடந்தன. போட்டியை நடத்திய செயலாளர் வெள்ளை வேட்டி நனைந்துவிடுமே என்று கடைசிப் படிக்குக்கூட இறங்காதவர். என் பெயரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சேச்சிக்கு எத்ர வயசாயி?"

வயதைச் சொன்னேன்.

"சாயங்காலம் அம்மமாருக்கு மியூசிக்கல் சேர் வெச்சிருக்கு. அதுல சேர்ந்தா போதுமே?"

"நாற்காலியில உக்கார எனக்குப் பயிற்சி இல்லீங்க. நீங்க சேர்ந்துக்குங்க" என்றேன். அவர் சிரித்தார். அவமானப்படுத்தினால்கூடப் புரியாத ஆள்.

பெண்கள் பிரிவில் மூன்றே பேர். மற்ற இருவரும் கல்லூரிப் பெண்கள். நாங்கள் நீந்திக்கொண்டிருக்கும்போது சிறப்பு விருந்தினர் வந்துவிட்டதால் செயலாளரும் மற்றவர்களும் மாலையோடு வாசலுக்கு ஓடிவிட்டார்கள். நான் இரண்டாவதாக வந்தேன். முதலில் வந்தவள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பெண், ஒல்லியாக, நீளக் கையோடு இருந்தாள். சந்தேகமே இல்லாமல் என்னை ஜெயித்தாள். கரையில் யாரும் இல்லாததால், திரும்பி வந்த செயலாளர் யார் முதல் என்று எங்களையே கேட்டார். நான் அவளைக் கைகாட்டினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே அந்தப் பெண் என்னிடம், "கடைசிப் பாதியில உங்க சத்தம் பக்கத்துல கேட்டுதுங்க அக்கா. பயந்துட்டேன்" என்றாள். அன்று முழுக்க என் காதில் விழுந்ததில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

மேடையில் செயலாளர் என்னை "ரெண்டு குழந்தைகளோட அம்மா" என்று அறிமுகப்படுத்தினார். முதல் பரிசு வாங்கியவளைவிட எனக்குத்தான் அதிகம் கைதட்டினார்கள். என் நீச்சலைப் பார்க்காதவர்கள் அத்தனை பேரும் என் பிள்ளைகளுக்காகத் தட்டினார்கள். ஊரில் கொழுந்தனார் டீக்கடையில் உட்கார்ந்து, "எங்க அண்ணிக்கு நாந்தான் ஊக்கம் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாக வீட்டுக்காரர் சொன்னார். அதிலும் அவருக்கு ஒரு நியாயம் தெரிந்தது.

அந்தப் பெண்ணை ஜெயிக்க வேண்டும் என்று அடுத்த வருஷம் முழுக்க நீந்தினேன். வாய்க்கால் வற்றிய மாதங்களில் கிணற்றில் நீந்தினேன். மறுபடி பாலக்காட்டுக்குப் போனபோது அவளைக் காணவில்லை. அன்று நான்தான் முதல். கிட்டத்தில் யாருமே இல்லாமல் ஜெயித்தேன். பரிசைக் கொடுக்க வந்த செயலாளரிடம் அவள் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அவளுக்குக் கல்யாணம் கழிஞ்சு போச்சே. இனி அவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார், என்னவோ நல்ல சேதி சொல்வதுபோல. பரிசுக் கிண்ணத்தை மேடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.