பரணுக்கு எத்தனை அடி

வேட்டைக்குப் போகப்போவதாக என் மனைவி சொன்னபோது நான் காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். பகிடி விடுகிறாள் என்று நினைத்து அடுத்த சேட்டை எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மான் வேட்டை. ஒக்டோபரில. நான் பேர் குடுத்திட்டன்."

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சென்ட் லோரன்டில் உள்ள ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பொதி செய்யும் பிரிவில் வேலை. அதே வரிசையில் பல வருடங்களாக அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் ஒரு கெபெக்காரி, பிரெஞ்சு பேசும் கனடாக்காரி. பிள்ளைகள் இல்லாதவள், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவள். நகரத்துக்கு வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் அவளுக்குச் சொந்தமாக ஒரு சிறு காடு இருந்தது. ஒவ்வொரு இலையுதிர்காலமும் மான் இறைச்சி கொண்டுவந்து தருவாள். என் மனைவி அதை எங்கள் தூள் போட்டுப் பிரட்டி, பாதியை அவளுக்கே திருப்பிக் கொடுப்பாள். அந்தச் சாப்பாட்டுப் பெட்டி போய் வந்ததில்தான் இருவரும் சிநேகிதிகளானார்கள். பிறகு சனிக்கிழமைகளில் குறி பார்த்து எய்யப் பழகப் போனார்கள். நான் அதை ஏதோ உடற்பயிற்சி என்று எண்ணியிருந்தேன்.

"துவக்கோ?" என்று கேட்டேன்.

"துவக்கு வீட்டுக்குள்ள வராது. வில்லு."

அந்த வில்லைப் பிறகு பார்த்தேன். துவக்கைப் போலத் தோளில் அணைத்துப் பிடிக்க வேண்டும், ஆனால் முன்னால் நாணும் அம்பும் இருக்கும். அதற்கான வகுப்புக்குப் போய், பிரெஞ்சில் சோதனை எழுதி, சித்தியடைந்து, அனுமதிப்பத்திரமும் எடுத்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததில் அது வராமலே போய்விட்டது.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, மரத்தில் இருந்து மானுக்குக் காத்திருக்கப் பரண் கட்டப் போனோம். நான் விமானப் பாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலை செய்பவன். ஒரு முடியின் தடிப்பு கூடினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புவேன். அதனால் அளவுநாடாவும் சோக்குக் கட்டியும் எடுத்து வைத்துக்கொண்டேன். எத்தனை அடி என்று யாராவது சொன்னால் அத்தனை அடியில் கோடு போட்டுக் கொடுப்பதுதான் என் பங்கு என்று நம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காட்டுக்குள் காலைப் பனிமூட்டம், புகார், முழங்கால் அளவுக்கு நின்றது. மரங்கள் அடிப்பகுதி இல்லாமல் மிதப்பது போலிருந்தன. சிநேகிதி றப்பர் சப்பாத்தோடு முன்னால் நடந்தாள். அவள் கால் வைக்கும் இடத்தில் புகார் விலகி, பின்னால் மெதுவாக மூடிக்கொண்டது. ஓரிடத்தில் அவள் குனிந்து நிலத்தைக் காட்டினாள். இறகு போல விரிந்த பன்னச் செடிகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் ஒரு கோடு போனது. மான்கள் நடந்து நடந்து ஏற்பட்ட தடம். மலைச்சரிவில் இருந்து இறங்கி, ஒரு பெரிய மேப்பிள் மரத்தைக் கடந்து, அப்பால் உள்ள ஓடைக்குப் போகிறது.

அந்த மேப்பிள்தான் பரணுக்கான மரம். அதன் முதுகோடு ஒட்டினாற்போல் இரண்டு ஊசியிலை மரங்கள் நின்றன, பனிக்காலத்திலும் பச்சை மாறாதவை. சிநேகிதி ஏணித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக மரத்தில் வைத்துப் பட்டியால் இறுக்கினாள். நான் நாடாவைப் பிடித்துப் பத்தடியில் ஒரு கோடு, பதினைந்தில் ஒன்று போட்டேன். இருபதில் சிநேகிதியே ஏறிப் போட்டாள்.

"கூட உயரமெண்டால் மானுக்குத் தெரியாதுதானே. இருபதிலயே வைப்பம்," என்றேன்.

என் மனைவி மொழிபெயர்த்தாள். சிநேகிதி சிரித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள். என் பிரெஞ்சு வணக்கத்துக்கும் நன்றிக்கும் மேலே அதிகம் ஏறாதது.

"என்னவாம்?"

"மரத்தைப் பாத்து உயரத்தை முடிவெடுக்கக் கூடாதாம். மான் நிக்கிற இடத்தில நிண்டு பாக்கவேணுமாம். ஆரும் ஒராள் மான் மாதிரி நடக்கவேணுமாம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மனைவி பாதுகாப்புப் பட்டியைத் தோளிலும் தொடையிலும் மாட்டி, கயிற்றில் கொளுவி, பத்தடிக் கோட்டுக்கு ஏறி நின்றாள். கையில் வில் இல்லை. நான் ஓடைப் பக்கம் போய், தடத்தில் இறங்கி, மரத்தை நோக்கி வந்தேன். மரத்தைக் கடந்தும் போய்விட்டேன்.

"தெரிஞ்சனானோ?" என்று மேலிருந்து கேட்டாள்.

"நான் பாக்கேல்லை."

"ஏன் நிலத்தைப் பாத்துக்கொண்டு அவ்வளவு கெதியா போறியள்? மான் அப்பிடியே நடக்கும்?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தலை குனிந்திருந்தது. இரண்டு கைகளும் உடம்பைவிட்டு விலகி, வெறுமையாக இருப்பது தெரியும்படி விரிந்திருந்தன. மேலே ஒருவர் இருக்கிறார் என்றால் என் உடம்புக்குத் தெரிந்த நடை அது ஒன்றுதான்.

"ஊரில ஆமின்ரை சென்றிக்குக் கீழால போற மாதிரிப் போறன் போலகிடக்கு," என்றேன்.

சிநேகிதிக்கு அவள் இதை மொழிபெயர்க்கவில்லை.

"திரும்பிப் போய் ஆறுதலா வாங்கோ," என்றாள் பிறகு. "இஞ்ச நான்தானே நிக்கிறன்."

இரண்டாம் தடவை மெதுவாக வந்தேன். இப்படி ஒரு வேகத்தில் நான் கனடாவில் ஒருநாளும் நடந்ததில்லை. பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன், பனியில் வழுக்காமல் இறுக்கி நடந்திருக்கிறேன். ஒரு அடி வைத்து, நின்று, காற்றைக் கேட்டு, அடுத்த அடி வைப்பது எப்படியென்று இப்போதுதான் பழகினேன். ஒரு இலை விழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிந்தது. பத்தடியில் அவளுடைய சப்பாத்தின் அடி தெரிந்தது, பிறகு முழங்கால், பிறகு முகம்.

"வடிவாத் தெரியுது," என்றேன்.

அவள் இருபதுக்கு ஏறினாள். நான் மறுபடி ஓடையில் இருந்து வந்தேன். இம்முறை அவள் இல்லை. மேப்பிள் இலைகள் அங்கங்கே மஞ்சள் பிடித்து அசைந்தன. ஒவ்வொரு கிளையாகத் தேடினேன். அவள் அங்கேதான் நிற்கிறாள், என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் மனது ஒரு கணம் வெறிச்சென்று போனது. இந்த மரங்கள் எல்லாம் இருந்து, அவள் மட்டும் இல்லாத ஒரு உலகத்துக்குள் கால் வைத்துவிட்டேன் என்று தோன்றியது.

"இருபதுதான் சரி!" என்று கத்தினேன், அவள் பதில் சொல்லும் குரலைக் கேட்பதற்காகவே.

சிநேகிதி இல்லை என்று தலையாட்டினாள். கையால் சரிவைக் காட்டினாள். மான் மேலிருந்தும் வரும்.

சரிவில் ஏறித் திரும்பி இறங்கினேன். பாதி வழியில் தடம் ஒரு பாறையைச் சுற்றி வளைகிறது. வளைந்ததும் நின்றுவிட்டேன். அவள் எனக்கு நேர் எதிரே நின்றாள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நான் ஏறிய சரிவும் அவள் ஏறிய ஏணியும் எங்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தன. நடுவே பள்ளம், பள்ளம் முழுக்கப் புகார். அவளுடைய காலுக்குக் கீழே எதுவும் இல்லாதது போலிருந்தது. முப்பது வருடமாக நான் பார்க்கிற முகம். அது இப்போது காற்றில் நின்று, கண் கொட்டாமல் என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அசைந்தால் இது கலைந்துவிடும் என்று இருவருக்கும் ஒரே பயம் போல. எவ்வளவு நேரம் என்று சொல்ல என்னிடம் எந்த நாடாவும் இல்லை.

கீழே சிநேகிதி இருமினாள்.

"பாத்தியளே," என்றாள் மனைவி. "இந்த இடத்தில மான் என்னைக் கண்டிடும்."

பிறகு சிநேகிதி என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டு நிறுத்தி, மேலே நின்றவளிடம் என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

"இவரின்ரை வழுக்கைதான் தெரியுது."

இது பிரெஞ்சில் போனதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் சிநேகிதி சொல்ல வந்தது அதைத்தான். அவள் விளக்க விளக்க என் மனைவியின் முகம் மாறியது. இறங்கி வந்து எனக்குச் சொன்னாள்.

"நேர மேல இருந்து எய்தால் மான்ரை உடம்பு ஒடுங்கித் தெரியுமாம். அம்பு ரெண்டு நுரையீரலிலயும் போகாதாம். ஒண்டிலதான் படுமாம். அப்ப அது ஓடிப்போய் எங்கையோ பத்தைக்குள்ள கன நேரம் தவிச்சுக் கிடக்குமாம்." பட்டியின் கொளுக்கியைத் திறந்து மூடினாள். "எனக்கு அது ஏலாது. மானுக்குக் கிட்ட இருந்தாலும் பரவாயில்லை. பிழைச்சுப் போனாலும் போகட்டும். தவிக்கக் கூடாது."

பதினைந்துக்கு வந்தோம். அங்கே மேப்பிள் இலைகள் அவளை நன்றாக மறைத்தன. நான் சரி என்பதற்குள் சிநேகிதி ஒரு இலையைப் பிடுங்கிக் காற்றில் விட்டாள். இன்னும் மூன்று கிழமையில் இதில் ஒன்றும் இருக்காது. நம்பக்கூடியது பின்னால் நிற்கும் பச்சை மரங்களை மட்டும். அவற்றின் கிளைகள் எங்கே அடர்த்தி என்று பார்த்து, மனைவி தன் முதுகு அந்த இருட்டுக்குள் புதையும்வரை ஒவ்வொரு கையகலமாக இறங்கி வந்தாள்.

கடைசியாக ஒரு தடவை நடக்கச் சொன்னார்கள். சிநேகிதி என் இடுப்பைத் தொட்டு எதையோ சொன்னாள்.

"மான்ரை கண் அந்த உயரத்திலயாம்," என்றாள் மனைவி. "குனிஞ்சு வரட்டாம்."

நான் குனியவில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்தே வந்தேன். அந்த உயரத்தில் காடு வேறாக இருந்தது. பன்னச் செடிகள் நெஞ்சில் உரசின. பாசியின் மணம் தொண்டைவரை இறங்கியது. ஈர இலைகள் உள்ளங்கையில் ஒட்டின. நான் எதையும் தேடவில்லை, போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மரத்தடியில் நின்று நிமிர்ந்தபோது எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் கருமையும் பச்சையும்தான் தெரிந்தன.

"இஞ்சருங்கோ," என்றது மரம்.

அங்கேயே பரணைக் கட்டினோம். அளந்தேன். பதினான்கடி மூன்று அங்குலம்.

ஒக்டோபரில் முதல் சனிக்கிழமை அணில்கள் மட்டும் வந்தன. இரண்டாவது சனி மழை. மூன்றாவது சனி காலை நானும் சிநேகிதியும் காட்டோரத்தில் அவளுக்கிருந்த பலகை வீட்டுக் குசினியில் கோப்பியோடு உட்கார்ந்திருந்தோம். பொதுவான மொழி இல்லாததால் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கைத்தொலைபேசி துடித்தது. "வாங்கோ" என்று ஒரு சொல்.

நான் எழும்பினேன். சிநேகிதி என் கையைப் பிடித்து உட்கார வைத்து மணிக்கூட்டைக் காட்டினாள். அவசரப்பட்டுப் போனால் அடிபட்ட மான் எழும்பி ஓடிவிடும். அரை மணி நேரம் இருவரும் ஆறிப்போன கோப்பிக்கு முன்னால் இருந்தோம்.

அது ஓடியிருக்கவில்லை. மரத்தில் இருந்து பத்துக் காலடி தூரத்தில், தடத்திலேயே, படுத்து உறங்குவது போலக் கிடந்தது. கொம்பில் ஒரு மேப்பிள் இலை செருகியிருந்தது. கண் திறந்திருந்தது. சிநேகிதி தொப்பியைக் கழற்றினாள். நான் அதன் காதைத் தொட்டேன். இன்னும் சூடு இருந்தது.

மனைவி இறங்கவில்லை. வில்லைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டிருந்தாள். அவளோ பரணில் உட்கார்ந்தபடி இருந்தாள்.

"என்ன, இறங்கேல்லையோ?"

"விரல் விறைச்சுப் போச்சு. கொளுக்கி கழலுதில்லை."

சிநேகிதி தன் பட்டியை எனக்கு மாட்டிவிட்டாள். நான் ஏறினேன். ஏணித் துண்டில் நின்று, ஒரு கையால் மரத்தை அணைத்துக்கொண்டு, மற்றக் கையை அவள் முழங்காலில் வைத்தேன்.

"நேர வந்தது," என்றாள். "பாறையடியில நிண்டது. பேந்து நடந்து வந்து எனக்குக் கொஞ்சம் தள்ளி, பக்கம் காட்டி நிண்டது. மேல பாக்கவே இல்லை."

"அழுறீரோ?"

"இல்லை. குளிர்."

கன்னம் நனைந்திருந்தது. கொளுக்கியைத் தேடினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"கொஞ்ச நேரம் இப்பிடியே நில்லுங்கோ."

நின்றேன். அந்த உயரத்தில் இலைகள் எங்கள்மேல் விழவில்லை. எங்களைக் கடந்து கீழே போயின. ஒவ்வொன்றும் ஒருதரம் முகத்துக்கு நேரே மெதுவாகத் திரும்பி, பிறகு கீழிறங்கி, கீழே இருந்த சிநேகிதியின் தோளிலும் மானின் விலாவிலும் படிந்தது. அவள் அதன் பக்கத்தில் ஒரு காலை மடித்து அமர்ந்து, எங்களை அவசரப்படுத்தாமல் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சின்னதாக, தெளிவாக, சத்தமில்லாமல் இருந்தன. வலியும் அங்கேதான் இருந்தது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு இறங்க எனக்கும் மனமில்லை.

பிறகு கொளுக்கி தானாகவே கழன்றது போல் கழன்றது. ஒவ்வொரு படியாக அவளுடைய காலைப் பிடித்து வைத்து இறக்கினேன்.

இறைச்சியில் எங்கள் பங்கு குளிர்பெட்டியின் மேல்தட்டை நிறைத்தது. முதல் கறியை நான்தான் காய்ச்சினேன். அவள் இறைச்சியைத் தொடாமல் பருப்போடும் சம்பலோடும் சாப்பிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் சிநேகிதியும் கேட்கவில்லையாம். நவம்பரில் இருவரும் போய்ப் பரணைக் கழற்றி, பட்டிகளைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வருடம் போவாளா என்று அப்போது அவளுக்கே தெரியாது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம். வெளியே பஞ்சு பஞ்சாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு கார் இல்லை. நான் மேசையில் சோறும் கறியும் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் ஒரு துண்டு மான் இறைச்சியைச் சோற்றோடு குழைத்து வாயில் வைத்திருந்தாள். யன்னலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் மென்றாள்.

"உப்புக் கொஞ்சம் காணாது," என்றாள்.

நான் உப்புப் போத்தலை அவள் பக்கம் தள்ளினேன்.