இன்னைக்கு இல்ல, நாளைக்கு வாரேன்

அன்னபாக்கியம் அம்மா இறந்த செய்தி வந்தபோது, அந்த வாரத்துக்கான மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் மெர்சிதான் போனில் பேசினாள். "சார், அம்மா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில வச்சே." நான் "சரிம்மா" என்றேன். போனை வைத்த பிறகு பார்த்தால், வியாழக்கிழமை அறைக்குள் இரண்டு நாள் மாத்திரைகள் கிடந்தன.

சபை மடலுக்காக அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், தவறில்லாமல் எழுதிவிடுவேன் என்று நினைத்திருக்கலாம். ஆனால் நான் எழுதத் தகுந்தவன்தானா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஏன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காலை ஐந்தரை மணி ஜெபத்துக்கு வருகிறவர்கள் எட்டுப் பேர்தான். வட்டமாக நின்று, கடைசியில் ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சொல்வது நம் கோவிலில் வழக்கம். முந்தின நாள் கடவுள் செய்த ஒரு நன்மையைச் சொல்லி நன்றி செலுத்த வேண்டும். நாங்களெல்லாம் சுகம், பெலன், சமாதானம் என்று சொல்லி முடித்துக்கொள்வோம். தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டிவந்த அன்னபாக்கியம் அம்மா அப்படிச் சொல்ல மாட்டார். "நேத்து குழாயில மூணு குடம் கூடுதலா வந்துச்சு, ஸ்தோத்திரம்" என்பார். "எதுத்த வீட்டு நாய் நேத்து குலைக்கல, ஸ்தோத்திரம்." ஒருநாள், "நேத்து எங்க சூப்பர்வைசர் லீவு, ஸ்தோத்திரம்" என்றார். அன்று ஜெபத்தை முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற தாசையா அண்ணாச்சிகூட வாயைப் பொத்திக்கொண்டார். மளிகைக்கடை வைத்திருக்கும் அவர் சபையின் மூப்பர். எளிதில் சிரிக்கிறவர் அல்ல.

என் திருட்டைக் கண்டுபிடித்தவரும் அந்த அம்மாதான். கோவில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"சார், போன செவ்வாக்கிழமையும் பேரப்பிள்ளைங்களுக்குத்தான சொன்னீய? வீட்டுல கிழம போட்டு எழுதி வச்சிருக்கீயளோ?"

வைத்திருந்தேன். திங்கள் உடல் நலம், செவ்வாய் பேரப்பிள்ளைகள், புதன் பென்ஷன் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நாலு பேர் முன்னால் யோசித்துப் பேச எனக்கு வராது.

"ஆண்டவருக்கும் கேட்டுக் கேட்டுச் சலிச்சிருக்கும் சார். நேத்து நடந்தது ஒண்ணச் சொல்லுங்க, போதும்" என்றார். நான் தலையாட்டினேன். தாளை மட்டும் மாற்றவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், அவருடைய ஒரே மகன் சாமுவேல் உளுந்து மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு பைக்கில் திரும்பும்போது, எட்டயபுரம் ரோடு பிரியும் விலக்கில் லாரி மோதி இறந்துபோனான். அடக்கத்துக்கு நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். நான்காம் நாள் காலை ஐந்தரைக்கு அந்த அம்மா வந்து தன் இடத்தில் நின்றார். அவர் முறை வந்தபோது நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னைக்கு இல்ல ஆண்டவரே. நாளைக்கு வாரேன்" என்றார்.

அவ்வளவுதான். மறுநாளும் வந்தார், அதையே சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல், ஒருநாள் தவறாமல் வந்து அதையே சொன்னார். அழவில்லை, குரலும் உயரவில்லை. ஆனால் அவருக்குப் பிறகு யாராலும் சுகம், பெலன் என்று சொல்ல முடியவில்லை. முனகிவிட்டுக் கலைந்தோம்.

தாசையா அண்ணாச்சி என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். "அவிய துக்கம் நமக்குத் தெரியும் சார். ஆனா நாளும் இப்பிடியே சொன்னா, புதுசா வாரவங்க என்ன நெனப்பாங்க? நீங்க படிச்சவிய. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

முடியாது என்று சொல்லத் தெரியாமல் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று அதையும் எழுதிக்கொண்டுதான் போனேன். அந்த அம்மா சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார், மகன் கடைசியாக அறுத்துப்போட்ட உளுந்து.

"பொதுவா ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டு நின்னுக்கலாமேம்மா" என்றேன்.

"நீங்க சொல்லுத மாதிரியா சார்?" என்றார். குத்தலாகத்தான் கேட்டிருப்பார், முகத்தில் அது தெரியவில்லை. சுளகைக் கீழே வைத்தார். "ஆண்டவரு எடுத்துக்கிட்டாரா, லாரிக்காரன் எடுத்துக்கிட்டானான்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியாம எதுக்கு நன்றி சொல்ல? அவருகிட்டயும் பொய் சொல்லிட்டா, அப்புறம் உள்ளதப் பேச எனக்கு ஆரு இருக்கா?"

எழுதிக்கொண்டு போன தாளைப் பைக்குள் தள்ளினேன். "மத்தவங்க சங்கடப்படுதாங்கம்மா" என்றேன். அதைத்தான் சொன்னேன். அவர் எழுந்து, "காப்பி குடிக்கீயளா சார்?" என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதன்பின் காலை ஜெபத்துக்கு அவர் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். உடம்பு முடியாமல் போய்விட்டதென்று உங்களில் பலர் நினைத்தீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு நானும் சும்மா இருந்தேன்.

அவர் வீட்டைத் தாண்டித்தான் நான் கோவிலுக்குப் போக வேண்டும். ஐந்தே காலுக்கு அங்கே விளக்கு எரியும். 'நான் சொன்னது தப்பு, நீங்கள் வர வேண்டும்' என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்தக் கதவைத் தாண்டிப் போனேன். ஒருநாள்கூடத் தட்டவில்லை. இன்று வேண்டாம், நாளைக்கு ஆகட்டும் என்று நானும்தான் சொல்லிக்கொண்டேன். அவர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் இருந்த தூரம் எனக்குத் தெரியும். சிறுநீரகம் கெட்டு அவரைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவருக்கு நினைவில்லை. கட்டிலைச் சுற்றி ஆட்கள் வேறு இருந்தார்கள்.

அடக்கம் முடிந்து, எல்லோரும் போன பிறகு மெர்சியிடம் கேட்டேன், அம்மா வீட்டிலாவது ஜெபம் செய்தாரா என்று.

"அஞ்சரைக்கு எந்திச்சு, செவுத்தப் பாத்து நிப்பாங்க சார். இன்னைக்கு இல்ல, நாளைக்கு வாரேன்பாங்க. பெறவு அடுப்புப் பத்தவைக்கப் போயிருவாங்க."

"ஒருநாளாவது ஸ்தோத்திரம் சொன்னாங்களாம்மா?"

"ஒருநாளும் சொல்லல சார்." முந்தானையைச் செருகிக்கொண்டே, "ஒருநாளும் நிக்காமலும் இருந்ததில்ல" என்றாள்.

அவர் சுவரைப் பார்த்து நின்றது என்னால். எங்கள் வட்டத்தில் நின்றிருக்க வேண்டியவர்.

மறுநாள் காலை ஜெபத்துக்குப் போனேன். புதன்கிழமை. என் முறை வந்தது. பையில் தாள் இருந்தது. கையை அதற்குக் கொண்டுபோகவில்லை. "அன்னபாக்கியம் அம்மாவை இந்த இடத்துக்கு வரவிடாமப் பண்ணுனது நான்தான். ஸ்தோத்திரம் இன்னைக்கு இல்ல ஆண்டவரே. நாளைக்கு வாரேன்" என்றேன். எனக்கு அடுத்து தாசையா அண்ணாச்சி சொல்ல வேண்டும். "அனுப்பி வச்சது நான்" என்றார். அன்று அவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

கிழமைத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த அம்மாவிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான்: இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டு, மறுநாளும் போய் நிற்பது. மறுநாள் போனேன். அன்றும் ஸ்தோத்திரம் இல்லை. இன்று காலையும் போய் நின்று, இல்லை என்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.