ஐந்து பாகை தள்ளிய சந்திரன்

எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து அறையில் சுருக்கெழுத்து நடத்திய இலத்தூர்ப் பெண்ணைத்தான் கட்டுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். அவளும்தான்.

ஜாதகம் கணிக்க ஒரு புரோகிராம் எழுதி ஜோசியர்களுக்கு விற்றேன். ஒருவர் வாங்கினால் அவர் மச்சினன் வரைக்கும் நகல் போய்விடும். ஃப்ளாப்பியில் ஓரிடத்தில் ஊசியால் கீறினேன். நகலில் அந்தக் கீறல் இருக்காது. கீறல் இல்லையென்றால் புரோகிராம் நின்றுவிடும். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த ஒரு கல்லூரிப் பையன், அது நிற்கும் இடத்தைத் தேடிப் பிடித்து ஒரே நாளில் வெட்டி எறிந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அவள்தான் வழி சொன்னாள். "நின்னாத்தானே எங்கன நிக்குன்னு தேடுதான்? நிக்காம தப்பாச் சொல்லிட்டே போனா?"

அந்த மூளைக்காகவே அவளைக் கட்டலாம். கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கணக்கின் பத்து இடங்களில் தூவினேன். நகலாக இருந்தால் சந்திரன் சத்தமில்லாமல் ஐந்து பாகை தள்ளிப்போகும். அதற்குப் பிறகு யாராலும் உடைக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனார்கள். அவள் அப்பா ஒரு ஜோசியரிடம் கம்ப்யூட்டரில் பொருத்தம் பார்த்து, ரஜ்ஜு தட்டுகிறது, தாலி நிலைக்காது என்று தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாங்கிப் பார்த்தேன். என் புரோகிராமின் எழுத்து. சந்திரன் தள்ளிப்போய், அஸ்த நட்சத்திரத்தில் பிறந்த என்னை அடுத்த நட்சத்திரமான சித்திரை என்று போட்டிருந்தது.

இலத்தூருக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னதும் அவள் அப்பா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னுல்லா நினைச்சேன்" என்றார்.

"நாங்கதான் சொல்ல வச்சோம்ப்பா. யோசனை என்னுது" என்றாள் அவள். அந்த நிமிஷம் அவள் மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.

அசல் ஃப்ளாப்பியில் பார்த்தபோது பொருந்தியது. நாள் குறித்தார்கள். எனக்கு நிலைகொள்ளவில்லை, அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுல வந்து சொல்லிட்டோம். மத்தவங்க வீட்டுல யாரு போய்ச் சொல்லுவா?"

புரோகிராமில் போட்ட அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, புது ஃப்ளாப்பிகளோடு கடையம், சுந்தரபாண்டியபுரம் என்று இரண்டு பேரும் ஜோசியர் வீடுகளில் ஏறி இறங்கினோம். நகலில் பார்த்த ஜாதகங்களை மறுபடி கணித்துவிடுங்கள் என்று கெஞ்சினோம். நம்மகிட்ட ஏது நகல் என்று எல்லோரும் சிரித்தார்கள். புது ஃப்ளாப்பியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.