ஆர்லிஸ் போட்ட இரண்டு வரி

ஓசெக் ஊரின் வாரப் பத்திரிகையை ஆர்லிஸ் பெட்ஸ்கா ஏறக்குறைய ஒற்றை ஆளாகவே நடத்தி வந்தாள். முதலாளி வேறு ஊரில் இருந்தார். விளம்பரக் காசு வந்து சேர்ந்தால் அவருக்குப் போதும். கல்யாணம், சாவு, பள்ளிக்கூட மேட்ச், மாட்டுச் சந்தை விலை எல்லாவற்றையும் எழுதுவதும் அவள்தான், பிழை பார்ப்பதும் அவள்தான். கூட்டிப் பெருக்கிப் பூட்டிவிட்டுப் போவதும் அவள்தான். நெப்ராஸ்காவின் நடுவில் சோளத்துக்கும் மாட்டுக்கும் இடையில் கிடக்கும் எங்கள் கவுன்டியில், வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் ஆண்கள்கூட முதலில் திருப்புவது ‘கோர்ட்டுச் செய்தி’ப் பக்கத்தைத்தான். யார் வேகமாக ஓட்டி மாட்டினான், யார் யாரை விட்டுப் பிரிந்தாள் என்று தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் காப்பி இறங்காது.

அந்தச் செய்திகளை வாங்க அவள் வாரா வாரம் தெருவைக் கடந்து என்னிடம் வருவாள். நான் கவுன்டி கோர்ட்டில் எழுத்தராக இருக்கிறேன். பெயர் வெர்னா. எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம்.

அந்த இலையுதிர் காலத்தில் லெனர்ட் ஸ்வோபோடாவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. லெனர்ட் எங்கள் வகுப்பில் படித்தவன். மனைவி இறந்த பிறகு தனியாகப் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வழக்கத்துக்கு முன்னாலேயே ஏழெட்டு மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டானாம். டை கட்டிய ஆள் ஒருவன் காகிதக் கட்டோடு அவன் வாசலில் நின்றானாம். தானியக் கிடங்கு கவுன்ட்டரில் சாய்ந்து நிற்கிறவர்களுக்கு அது போதாதா?

“மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்யா ஸ்வோபோடா.”

“யாரு, லெனர்டா? அவன் கடன்ல ஒரு ஆணிகூட வாங்க மாட்டானே!”

“அப்படிப்பட்டவன்தான் திடீர்னு கவுந்துடுவான்.”

ஆர்லிஸ் என் மேஜைக்கு வந்தாள். “வெர்னா, லெனர்ட் பேர்ல ஏதாவது திவால் கேஸ் வந்திருக்கா?”

“திவால் கேஸ் எதுவும் இங்க வராது ஆர்லிஸ். அது மத்திய அரசோட கோர்ட்டு. லிங்கன் டவுனுக்குப் போய்ப் பாக்கணும். இல்லேன்னா அவங்க போன் நம்பர் ஒண்ணு இருக்கு. பேரை எழுத்து எழுத்தா அழுத்தினா மிஷினே சொல்லும்.”

நம்பரைக் கொடுத்தேன். அவள் போய் அழுத்தினாள். லெனர்ட் ஸ்வோபோடா என்ற பெயரில் கேஸ் இருக்கிறது, ஆகஸ்டில் போட்டது, ஏழாம் அத்தியாயம் என்று மிஷின் குரல் சொன்னது. ஏழாம் அத்தியாயம் என்றால், இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கையை உதறுவது. அந்த வாரம் இரண்டு வரி அச்சானது. லெனர்ட் ஸ்வோபோடா திவால் மனு கொடுத்திருக்கிறார் என்று, பக்கத்தின் கடைசியில்.

லெனர்ட் வந்து கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் வந்தான், ஆனால் கத்தவில்லை. வருடச் சந்தாவைக் கட்டினான். “குளிர் இந்த வருஷம் சீக்கிரம் வந்துடும்போல” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் அவள் என்னிடம் சொன்னாள்: “நாலு வார்த்தை திட்டியிருந்தான்னா நல்லா இருந்திருக்கும் வெர்னா. என்னமோ போல இருக்கு.”

“உள்ளதைத்தானே போட்டே?”

“ஆமா, உள்ளதைத்தான் போட்டேன்.” அவள் சொன்ன விதத்தில் அவளுக்கே திருப்தி இல்லை என்று தெரிந்தது.

விதைக் கடைக்காரன் லெனர்டிடம் முன்பணம் கேட்க ஆரம்பித்தான். சனிக்கிழமை சீட்டாட்டத்துக்கு லெனர்ட் வருவது நின்றது. தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிவதற்குள் எழுந்து போய்விடுவான். வசந்தத்தில், கிழக்குப் பக்கத்து எண்பது ஏக்கரைப் பக்கத்து நிலத்துக்காரர் வெஸ் க்ரிஷுக்கு விற்றான். லெனர்டின் மனைவி வழியில் வந்த நிலம் அது. “பாத்தியா, கோர்ட்டு புடுங்கிருச்சு” என்றார்கள் ஊரில். ஆர்லிஸ் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள். ஆனால் தேவாலயத்தில் அவன் உட்காரும் பக்கம் போவதைத் தவிர்த்தாள். கடையில் அவன் வண்டி நின்றால் உள்ளே போக மாட்டாள். தப்பு செய்யவில்லை என்று நினைக்கிறவள் இப்படி ஒளிவாளா என்று நான் நினைத்ததுண்டு.

அதற்கு அடுத்த வருடம், வெயில் ஏறிய ஒரு நாள், லெனர்டின் மகன் என் கவுன்ட்டருக்கு வந்தான். அவன் பெயரும் லெனர்ட்தான். ஊரில் எல்லோருக்கும் லென்னி. கிராண்ட் ஐலண்ட் நகரில் கார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். தற்செயலாக ஆர்லிஸும் அங்கேதான் உட்கார்ந்து அந்த வாரத்துச் செய்திகளைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அப்பாவோட திவால் ஃபைலைப் பாக்கணும்” என்றான் தாழ்ந்த குரலில்.

“அது இங்க இருக்காதுப்பா. லிங்கன்ல இருக்கும்.”

“இங்க எதுவுமே இருக்காதா? நிலத்து மேல ஏதாவது பதிஞ்சிருப்பாங்கள்ல?”

பத்திரப் பதிவு அறை பக்கத்திலேயே இருந்ததால் நானே போய்ப் பார்த்தேன். எண்பது ஏக்கரை விற்ற கிரயப் பத்திரம் மட்டும்தான் இருந்தது. லெனர்ட் கையெழுத்துப் போட்டு வெஸ் க்ரிஷுக்குக் கொடுத்தது. கோர்ட்டு விற்றதாக அதில் எதுவும் இல்லை. எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது. ஆர்லிஸ் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

“எதுக்குப்பா ஃபைல் வேணும்?” என்று கேட்டாள்.

“எவ்வளவு பாக்கின்னு தெரிஞ்சா, அவருக்குத் தெரியாம கொஞ்சம் கொஞ்சமா நான் அடைச்சிடலாம்னு பாக்கறேன் மிஸஸ் பெட்ஸ்கா. அவர்கிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டா கூனிக் குறுகிப் போயிடுவாரு.”

ஆர்லிஸ் பேனாவை மூடினாள். “நாளைக்கு நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். எனக்கு வழி தெரியும்.”

லிங்கனில் நடந்ததை ஆர்லிஸ் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள்தான்.

கோர்ட்டு அலுவலகத்தின் மூலையில் பொதுமக்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. உட்கார்ந்து பார்க்கக் காசு இல்லை, அச்செடுத்தால்தான் பக்கத்துக்கு இவ்வளவு என்று. அங்கே இருந்த பெண் அருகில் வந்து நின்றாள்.

“எந்த கவுன்டி?”

ஆர்லிஸ் கவுன்டியையும் பெயரையும் சொன்னாள்.

“கவுன்டி வாரியா வராதும்மா. மாநிலம் முழுக்க ஒரே பட்டியல்தான். முதல்ல பேரைப் போடுங்க. வர்ற கேஸைத் திறந்து முதல் பக்கத்தைப் பாருங்க. ஊரு, கவுன்டி, பேரோட நடு எழுத்து, அடையாள எண்ணோட கடைசி நாலு இலக்கம் எல்லாம் அதுல இருக்கும். பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. இந்த மாநிலத்துல ஸ்வோபோடாவுக்கா பஞ்சம்!”

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

லென்னி கேஸைத் திறந்தான். லெனர்ட் ஜி. ஸ்வோபோடா, ஒமஹா. சுவருக்குப் பலகை அடிக்கும் கான்ட்ராக்டர். அவனுக்கு எங்கள் கவுன்டி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

“இது யாரு?” என்றான் லென்னி. “எங்க அப்பாவுக்கு நடு எழுத்து எஃப் ஆச்சே.”

“வேற இருக்கும். நல்லாத் தேடு” என்றாள் ஆர்லிஸ். இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் அவள் வேண்டிக்கொண்டாளாம். “ஒரு மனுஷன் திவாலாகியிருக்கணும்னு மனசார வேண்டிக்கிட்டேன் வெர்னா, என் தலையைக் காப்பாத்திக்க” என்று இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் அழுவாள்.

அந்தப் பெண்ணும் தேடினாள். கிடங்குக்கு அனுப்பிவிட்ட பழைய கேஸ்களின் அட்டவணையையும் பார்த்தாள். எஃப் எழுத்துக்காரன் எங்கேயும் இல்லை.

திரும்பும் வழியில் ஆர்லிஸ்தான் பேச்சை எடுத்தாள். “மிஷின் பேரைச் சொல்லுச்சு. நான் ஃபைலைப் பாக்கல லென்னி. உங்க அப்பாவுக்கு ஒரு போன்கூடப் பண்ணல. போட்டுட்டேன்.”

“அப்போ எதுக்கு நிலத்தை வித்தாரு?” என்று மட்டும் கேட்டான்.

ஆர்லிஸ் நேராகப் பண்ணைக்கு வண்டியை விட்டாள்.

லெனர்ட் வேலியில் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் கையிலிருந்த குறட்டைக் கீழே போட்டான்.

“என்ன, யாராவது செத்துட்டாங்களா?”

“அப்பா, நீங்க மஞ்சக் கடுதாசி குடுக்கவே இல்லையா?”

“நானா? நீதானேடா குடுத்தே?”

“நானா! நான் எதுக்குக் குடுக்கறேன்? கடை நல்லாத்தானே ஓடுது!”

லெனர்ட் மகனை மேலும் கீழும் பார்த்தான். “பேப்பர்ல உன் பேரு வந்துச்சேடா. நான் குடுக்கலைன்னு எனக்குத் தெரியும். அப்போ நீதானே? அந்தக் கடையை ஆரம்பிச்சப்பவே பயந்தேன்.” குனிந்து குறட்டை எடுத்தான். “நீ என்னைக்காவது வந்து கேப்பேன்னு நிலத்தை வித்துப் பணத்தை பேங்க்ல போட்டு வச்சிருக்கேன். நீ வரவே இல்ல.”

“அம்மா நிலத்தையா? எனக்காகவா?” லென்னிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாப்பா?”

“நீ கேட்டியாடா?”

இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். ஆர்லிஸ் காருக்குப் பக்கத்திலேயே நின்று ஒமஹாக்காரனைப் பற்றிச் சொன்னாள். வாசலில் நின்ற டை கட்டிய ஆள் ஆலங்கட்டி மழைச் சேதத்தைப் பார்க்க வந்த பயிர் இன்ஷூரன்ஸ்காரன் என்றும், விற்ற மாடுகள் சினை பிடிக்காத கிழட்டு மாடுகள் என்றும் அப்போதுதான் அவளுக்குத் தெரிய வந்தது.

“நீயாவது மறுத்திருக்கலாமே லெனர்ட்” என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாளாம்.

“எப்படி மறுக்கறது ஆர்லிஸ்? நான் இல்லைன்னு சொன்னா, அப்போ யாருன்னு கேப்பாங்க. இந்த ஊர்ல அந்தப் பேருக்கு வேற யாரு இருக்கா? அவன் தலையில போடறதுக்கு என் தலையிலயே கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.” பிறகு மெதுவாகச் சொன்னான்: “ஊர்லேர்ந்து இங்க பத்து மைல்தானே? நீ வந்து ஒரு தடவை கேட்டிருக்கலாம்.”

அந்த வாரம் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், தன் பெயரைப் போட்டு மன்னிப்புக் கேட்டாள். எதை எப்படித் தப்பாகப் பார்த்தாள் என்றும் மறைக்காமல் எழுதினாள். அப்பாவும் மகனும் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன நினைத்திருந்தார்கள் என்பதை மட்டும் போடாதே என்று லெனர்ட் கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிட்டாள். ஊர் முழுசாக நம்பவில்லை. “வக்கீலை வச்சு மிரட்டியிருப்பான்” என்று கிடங்கு கவுன்ட்டரில் இரண்டு பேர் சொன்னதை என் கணவர் காதால் கேட்டார். விதைக் கடைக்காரன் மட்டும் நேரில் போய் வருத்தம் தெரிவித்தான்.

ஆர்லிஸ் வெஸ் க்ரிஷைப் பார்க்கப் போனாள். வாங்கிய விலைக்கே எண்பது ஏக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி கெஞ்சினாள்.

“நான் ஏமாத்தியா வாங்கினேன்? அவன் கேட்ட விலையைக் குடுத்தேன்” என்றார் வெஸ். “தண்ணி பாய்ச்சற குழாயெல்லாம் போட்டாச்சு. நீ பண்ணின தப்புக்கு நான் ஏம்மா நிலத்தை விடணும்?” அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் திரும்பி வந்துவிட்டாள்.

லென்னி ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைக்கு வர ஆரம்பித்தான். முதல் சில வாரங்கள் இருவரும் டிராக்டரைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்களாம். கன்று போடும் காலத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்து ஒரு வாரம் அப்பாவோடு தங்கினான்.

அந்த வருடம் தேவாலய விருந்தில் லெனர்ட் தன் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கே வந்து உட்கார்ந்தான். பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி பன் நன்றாக இருக்கிறது, யார் சுட்டது என்று கேட்டான். ஆர்லிஸ்தான் சுட்டது. நான்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: “அந்த நிலத்தை நினைச்சு நீ உருகிட்டிருக்கேன்னு வெஸ் சொன்னான். அதுல பாதிதான் ஆர்லிஸ் உன்னோடது. மீதிப் பாதி அப்பன் மகன் எங்க ரெண்டு பேரோடதும். வாயைத் திறந்து கேக்காம இருந்தோமில்ல?”

அவன் எழுந்து காப்பி எடுக்கப் போனான். ஆர்லிஸ் தட்டில் இருந்ததைத் தொடவே இல்லை. கூட்டம் கலையும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாதின்னு சொல்றான் வெர்னா. எனக்கு மனசு ஆறணும்னு சொல்றான்” என்றாள்.

கோர்ட்டுச் செய்தியை அதன் பிறகு அவள் எழுதவில்லை. முதலாளி வேறொரு பெண்ணை அனுப்பினார். யாராவது என்னிடம் வந்து இன்னாருடைய திவால் ஃபைல் வேண்டும் என்று கேட்டால், இப்போது நான் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவதில்லை. உட்கார வைத்து, என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். சிலருக்கு அலுப்பாகத்தான் இருக்கும்.